கடன்பட்டவரை நம்பலாமா?

அமெரிக்காவில் சில வேலைகளுக்குப் பட்டமும் அனுபவமும் மட்டும் போதாது. போர்க்கப்பலின் வரைபடம், ஏவுகணைக்கான மென்பொருள், உளவுத் தகவல் என்று அரசு ரகசியம் எதையும் கையாள்பவர் முதலில் ‘செக்யூரிட்டி கிளியரன்ஸ்’ வாங்கியாக வேண்டும். ‘இவரை நம்பி ரகசியத்தை ஒப்படைக்கலாம்’ என்று அரசு கொடுக்கும் அனுமதி அது. ‘கான்ஃபிடென்ஷியல்’, ‘சீக்ரெட்’, ‘டாப் சீக்ரெட்’ என்று அதில் மூன்று படிகள். ராணுவ வீரர், அரசு ஊழியர், தனியார் ஒப்பந்த நிறுவனத்தின் பொறியாளர், கப்பல் தளத்தில் வயரிங் பார்க்கும் எலெக்ட்ரீஷியன் என்று பலருக்கும் அந்த அனுமதி இருந்தால்தான் வேலை. பறிபோனால் வேலையும் போகும்.

இதற்கு விண்ணப்பிப்பவர்கள் வெளிநாட்டில் இருக்கும் உறவினர்களை நினைத்துக் கவலைப்படுவார்கள். கல்லூரிக் காலத்தில் புகைத்த கஞ்சாவை நினைத்துக் கவலைப்படுவார்கள். ஆனால், அதிகம் பேரைத் தடுக்கி விழவைப்பது அவையல்ல. கட்டாமல் விட்ட கிரெடிட் கார்டு பாக்கி, மருத்துவமனை பில், பாதியில் நின்றுபோன கார் தவணை போன்ற சாதாரண வீட்டுக் கடன்கள்தான்.

‘கடன் என் சொந்தப் பிரச்னை. அதற்கும் நாட்டின் பாதுகாப்புக்கும் என்ன சம்பந்தம்?’ என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில், அமெரிக்காவை உலுக்கிய மூன்று துரோகக் கதைகளில் இருக்கிறது.

லை டிடெக்டருக்குத் தெரியாதது

ஜான் வாக்கர் அமெரிக்கக் கடற்படையில் சங்கேதத் தகவல் தொடர்புப் பிரிவில் இருந்தவர். சவுத் கரோலினாவில் அவர் ஆரம்பித்த மதுக்கடை நஷ்டத்தில் ஓடியது. 1967-ன் இறுதியில் வாஷிங்டனில் இருந்த சோவியத் தூதரகத்துக்குள் நுழைந்து, ரகசியங்களை விற்கத் தொடங்கினார். 1985-ல் பிடிபடும்வரை, ஏறக்குறைய 17 ஆண்டுகள் அந்த வியாபாரம் நடந்தது.

ரொனால்ட் பெல்டன் என்.எஸ்.ஏ. என்ற தேசியப் பாதுகாப்பு முகமையில் 14 ஆண்டுகள் வேலை பார்த்தவர். 1979-ல் திவால் மனு கொடுத்தார். அதே ஆண்டு வேலையையும் விட்டார். 1980 ஜனவரியில் அவரும் சோவியத் தூதரகத்தின் கதவைத் தட்டினார். அவர் கையில் ஒரு காகிதம்கூட இல்லை. தலைக்குள் இருந்ததை மட்டுமே விற்றார். ஓகோட்ஸ்க் கடலுக்கு அடியில் சோவியத் கேபிளை அமெரிக்கா ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த ரகசியமும் அதில் போனது. அதற்கெல்லாம் அவருக்குக் கிடைத்தது சுமார் 35,000 டாலர்.

மூன்றாமவர், சி.ஐ.ஏ. அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ். விவாகரத்துச் செலவு ஒரு பக்கம், புதிய மனைவியோடு தொடங்கிய வாழ்க்கையின் செலவு மறுபக்கம் என்று கழுத்துவரை கடன். 1985-ல் சோவியத் தரப்பிடம் அவர் முதலில் கேட்டு வாங்கியது 50,000 டாலர். அதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. அமெரிக்காவுக்காகச் சோவியத் நாட்டுக்குள் உளவு பார்த்தவர்களின் பெயர்களை வரிசையாகக் கொடுத்தார். குறைந்தது பத்துப் பேர் மரண தண்டனைக்கு ஆளானார்கள்.

ஏம்ஸ் கதையில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. துரோகத்தில் இறங்கிய பிறகு, 1986-லும் 1991-லும் அவருக்கு லை டிடெக்டர் சோதனை நடந்தது. இரண்டிலும் தேறிவிட்டார். காட்டிக்கொடுத்தது வங்கிக் கணக்கு. ஆண்டுக்கு 70,000 டாலரைத் தொடாத சம்பளத்தில் 5,40,000 டாலர் வீட்டை ரொக்கம் கொடுத்து வாங்கியிருந்தார்; ஜாகுவார் காரில் அலுவலகம் வந்தார். சோவியத் தூதரக அதிகாரி ஒருவரை அவர் சந்தித்த தேதிகளையும் கணக்கில் பணம் போட்ட தேதிகளையும் புலனாய்வாளர்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டும் ஒத்துப்போயின. 1994 பிப்ரவரியில் கைதானார், ஆயுள் தண்டனை.

அடுத்த ஆண்டே, 1995 ஆகஸ்ட்டில், அதிபர் கிளின்டன் ரகசியப் பணி அனுமதிக்கான விதிகளை ஒழுங்குபடுத்தும் ஆணையில் கையெழுத்திட்டார். முக்கியப் பொறுப்பில் இருப்பவர்களின் பண விவகாரங்களைப் பார்க்கும் வழியும் அதில் வந்தது.

ஒருவரைப் பொறுப்பில் அமர்த்தும் முன் அவருக்கும் பணத்துக்குமான உறவைப் பார்க்க வேண்டும் என்பது தமிழருக்குப் புதிதல்ல. திருக்குறளின் 51-வது அதிகாரமான ‘தெரிந்து தெளிதல்’, ஒருவரை நான்கு வகையில் ஆராய்ந்து தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. பொருள் அவற்றில் ஒன்று.

படிவத்தின் 26-ம் பகுதி

விண்ணப்பப் படிவத்தின் பெயர் எஸ்.எஃப்-86. குடியிருந்த வீடுகள், பார்த்த வேலைகள், பழகிய வெளிநாட்டினர் என்று ஒரு மனிதனின் வாழ்க்கையையே எழுதி வாங்கும் நீளமான படிவம். அதில் 26-வது பகுதி முழுக்கப் பணம்.

கடந்த ஏழு ஆண்டுகளில் திவால் மனு கொடுத்தது உண்டா? சூதாட்டத்தால் பணச் சிக்கல் வந்தது உண்டா? வரிக் கணக்கைத் தாக்கல் செய்யாமலோ, வரியைக் கட்டாமலோ விட்டது உண்டா? குழந்தைக்கான ஜீவனாம்சத்தில் பாக்கி உண்டா? வீடோ காரோ ஜப்தியானது உண்டா? கடன் எதுவும் வசூல் ஏஜென்சிக்குப் போனது உண்டா? 120 நாள்களுக்கு மேல் தவணை தவறியது உண்டா? இப்படி ஒவ்வொன்றாகக் கேள்வி வரும்.

பதிலை எழுதிக் கொடுத்ததோடு முடிவதில்லை. அரசு தன் பங்குக்கு அவரின் கிரெடிட் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்க்கும். யாருக்கு எவ்வளவு, எந்த மாதத்திலிருந்து கட்டவில்லை என்பதெல்லாம் அதில் இருக்கும். முன்பு ‘டாப் சீக்ரெட்’ அனுமதி வைத்திருப்பவரை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறையும், ‘சீக்ரெட்’ அனுமதி உள்ளவரைப் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறையும் மறுபடி விசாரிப்பார்கள். இப்போது தொடர் கண்காணிப்பு முறை வந்துவிட்டது. கடன் ஒன்று வசூலுக்குப் போனால் அடுத்த விசாரணைவரை அது காத்திருக்காது. தகவல் முன்பே போய்விடும்.

இந்த விவரங்களை எப்படி எடைபோடுவது என்பதற்கு 2017 ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்த 13 வழிகாட்டு விதிகள் இருக்கின்றன. அவற்றில் ஆறாவது, ‘கைட்லைன் எஃப்’, பணத்தைப் பற்றியது. அது இரண்டு பயங்களைச் சொல்கிறது. ஒன்று, கழுத்தை நெரிக்கும் கடன் உள்ளவர் பணத்துக்காகச் சட்டத்தை மீறக்கூடும். மற்றொன்று, வரவுக்குள் வாழ முடியாதவர், கொடுத்த வாக்கைக் காப்பாற்றாதவர், ரகசியத்தைக் காக்கும் விதிகளையும் அப்படியே அலட்சியம் செய்யக்கூடும்.

இத்தனை டாலருக்கு மேல் கடன் இருந்தால் அனுமதி கிடையாது என்று ஓர் எல்லைக்கோட்டை விதி எங்கும் போடவில்லை. பெரிய கடன் இருந்தும் அனுமதி பெற்றவர்கள் உண்டு. அதைவிடச் சின்னக் கடனில் அனுமதியை இழந்தவர்களும் உண்டு. அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?

பிரிக்காத கடிதங்கள்

கற்பனையாக ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளலாம். வர்ஜீனியா மாநிலத்தின் நார்ஃபோக் நகரம். உலகின் மிகப் பெரிய கடற்படைத் தளம் இருக்கும் ஊர். அங்கே ஓர் ஒப்பந்த நிறுவனத்தில் கணவர் எலெக்ட்ரானிக்ஸ் டெக்னீஷியன். மனைவி ஒரு கடையில் கேஷியர். இரண்டு சம்பளத்தில் குடும்பம் நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டாவது குழந்தை குறைமாதத்தில் பிறக்கிறது. குழந்தை சில வாரங்கள் மருத்துவமனையில் இருக்கிறது. இன்ஷூரன்ஸ் கட்டியதுபோக மிச்ச பில் இவர்கள் தலையில். குழந்தையைப் பார்த்துக்கொள்ள மனைவி வேலையை விடுகிறார். பால் பவுடரும் பெட்ரோலும் கிரெடிட் கார்டில் ஏறுகின்றன. ஒரு கார்டின் பாக்கியைக் கட்ட இன்னொரு கார்டு. சில மாதங்களில் இரண்டு கார்டுகளும் நிற்கின்றன.

வீட்டுக் கணக்கைப் பார்ப்பது மனைவி. கணவரோ நைட் ஷிஃப்ட். ‘ஏற்கெனவே தூக்கமில்லாமல் இருப்பவரிடம் இதையும் சொல்லி வதைக்க வேண்டாம்’ என்று வசூல் ஏஜென்சியின் கடிதங்களை மனைவி ஒரு மேஜை டிராயரில் போட்டு வைக்கிறார். கணவருக்கும் அரைகுறையாகத் தெரியும். கேட்டால் சண்டை வரும் என்று அவரும் கேட்பதில்லை. கடிதங்கள் பிரிக்கப்படாமலே சேர்கின்றன.

அந்த நேரத்தில் அவருக்குப் பதவி உயர்வு வருகிறது. அதற்கு அனுமதி வேண்டும். படிவத்தை நிரப்ப உட்காருகிறார். ‘120 நாள்களுக்கு மேல் நிலுவை உண்டா?’ கை ஒரு கணம் நிற்கிறது. பிறகு ‘இல்லை’ என்ற கட்டத்தை அழுத்துகிறது.

இந்த ஒரு கணத்தில் அவரின் சிக்கல் இரண்டாகிவிடுகிறது. இதுவரை அவரிடம் இருந்தது கடன் மட்டுமே. அதற்கு விளக்கம் சொல்ல முடியும். குழந்தையின் பிறப்பும் மனைவி வேலையை விட்டதும் காகிதத்தில் காட்டக்கூடிய காரணங்கள். இப்போது அதோடு பொய்யும் சேர்ந்துகொண்டது. பொய்யை எடைபோடும் விதி வேறு. அது ‘கைட்லைன் இ’, நேர்மையைப் பற்றியது. அரசுப் படிவத்தில் தெரிந்தே பொய் எழுதுவது ஐந்து ஆண்டுகள்வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமும்கூட.

அதிலும் ஒரு வாசல் திறந்திருக்கிறது. விசாரணை அதிகாரி கேட்டு மடக்குவதற்கு முன்பே, தானாக முன்வந்து ‘அன்று தவறாக எழுதிவிட்டேன், சரியான விவரம் இது’ என்று அவர் சொன்னால், விதி அதை அவருக்குச் சாதகமாகக் கணக்கில் எடுக்கும். கிரெடிட் ரிப்போர்ட்டை மேஜையில் போட்ட பிறகு ஒப்புக்கொண்டால் அந்தச் சலுகை கிடைப்பது கடினம். மாற்றத்துக்கு இடையில் இருப்பது சில நாள்களோ சில நிமிடங்களோதான். அந்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொள்ள, முதலில் அவர் அந்த டிராயரைத் திறந்து பார்த்திருக்க வேண்டும்; மனைவியோடு உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும்.

காப்பாற்றுவதும் காப்பாற்றாததும்

அனுமதி தரத் தயக்கம் இருந்தால் அரசு முதலில் காரணங்களைப் பட்டியலிட்டு ஒரு கடிதம் அனுப்பும். ‘இன்ன நிறுவனத்துக்கு இவ்வளவு பாக்கி’ என்று ஒவ்வொரு கடனும் அதில் வரிசை எண்ணோடு இருக்கும். ஒப்பந்த நிறுவன ஊழியர் என்றால் 20 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். நேரில் விசாரணை கேட்டால் நிர்வாக நீதிபதி ஒருவர் விசாரிப்பார். வக்கீல் வைத்துக்கொள்ளலாம், செலவு தன்னுடையது. பாதுகாப்புத் துறையில் ஒப்பந்த ஊழியர்களின் வழக்குகளை விசாரிக்கத் தனி அலுவலகமே உண்டு. அதன் தீர்ப்புகள், ஆளின் பெயரை நீக்கிவிட்டுப் பொதுவில் வெளியிடப்படுகின்றன. விவாகரத்து, வேலை இழப்பு, புற்றுநோய்ச் சிகிச்சை, கவிழ்ந்த சிறுதொழில் என்று பெயரில்லாத குடும்பங்களின் கதைகள் அவற்றில் வரிசையாக வருகின்றன.

அந்தத் தீர்ப்புகளில் திரும்பத் திரும்ப வரும் சில பாடங்கள் எந்தக் குடும்பத்துக்கும் பயன்படும்.

முதலாவது, கடன் எப்படி வந்தது என்பது. வேலை போனது, தொழில் படுத்தது, திடீர் நோய், மரணம், மணமுறிவு, மோசடிக் கடன்காரர், அடையாளத் திருட்டு போன்ற கைமீறிய காரணங்களை விதியே ஏற்றுக்கொள்கிறது. ஆனால், அதோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்தே வரும். அந்தக் கஷ்டத்தின் நடுவில் அவர் பொறுப்பாக நடந்துகொண்டாரா? கடன் கொடுத்தவருக்கு ஒரு போன் செய்தாரா? தவணையைக் குறைத்துக் கேட்டாரா?

இரண்டாவது, எல்லாக் கடனையும் ஒரே நாளில் அடைத்துவிட வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. வருமானத்துக்கு ஏற்ற ஒரு திட்டம் வேண்டும்; அந்தத் திட்டப்படி மாதாமாதம் பணம் போனதற்கு ரசீது வேண்டும். சின்னக் கடனை முதலில் முடித்துவிட்டுப் பெரியதற்குப் போகலாம். ‘இனிமேல் கட்டிவிடுவேன்’ என்ற வாக்குறுதிக்கு மட்டும் மதிப்பில்லை. பத்து மாதமாகக் கட்டிய சிறு தொகை, நாளைக்குக் கட்டப்போகும் பெரிய தொகையைவிட அங்கே கனமானது.

மூன்றாவது, காலம் கடந்தால் கடன் செத்துவிடும் என்ற நம்பிக்கை. ஏழு ஆண்டுகள் ஆனால் பழைய பாக்கி கிரெடிட் ரிப்போர்ட்டிலிருந்து பொதுவாக மறைந்துவிடும். சில ஆண்டுகளுக்குப் பிறகு கடன்காரர் வழக்குப் போடவும் முடியாமல் போகலாம். கோர்ட்டில் அது வெற்றிதான். இங்கே அப்படியில்லை. ‘காலாவதிக்காகக் காத்திருந்தேன்’ என்பது கடனைத் தீர்க்க நல்லெண்ணத்தோடு எடுத்த முயற்சி ஆகாது என்று மேல்முறையீட்டு வாரியம் பலமுறை சொல்லியிருக்கிறது. திவால் மனுவும் அப்படியே. அது சட்டம் கொடுத்த உரிமை. அதனாலேயே யாரும் தகுதி இழப்பதில்லை. ஆனால், அந்த நிலைக்கு வந்த கதையையும் அதன்பிறகு நடந்துகொண்ட விதத்தையும் கேட்பார்கள்.

நான்காவது, வரி. அரசின் ரகசியத்தைக் காக்க விரும்புபவர் அரசுக்குக் கொடுக்க வேண்டிய வரிக் கணக்கைக்கூடத் தாக்கல் செய்யவில்லை என்றால் நீதிபதிகள் அதைக் கடுமையாகவே பார்க்கிறார்கள். கையில் பணமில்லை என்பது வரியைக் கட்டாததற்குக் காரணமாகலாம். படிவத்தைக்கூட நிரப்பி அனுப்பாததற்குக் காரணமாகாது.

இவ்வளவு இருந்தும் முடிவில் சந்தேகம் மிஞ்சினால், அது நாட்டின் பாதுகாப்புக்குச் சாதகமாகவே தீர்க்கப்படும். இந்த அனுமதி யாருக்கும் உரிமை அல்ல என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1988-ல் ஒரு கடற்படை ஊழியர் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. மறுக்கப்பட்டவர் ஓராண்டு கழித்து மறுபடி கேட்கலாம். அந்த ஓராண்டு வேலையில்லாமல் கடனை எப்படிக் கட்டுவது என்பதுதான் அந்த வீட்டின் கவலை. கடனால் அனுமதி போகிறது. அனுமதி போனதால் சம்பளம் போகிறது. சம்பளம் போனதால் கடன் கூடுகிறது.

முகாம் வாசலில் வட்டிக்கடை

இந்தச் சுழலில் எளிதாகச் சிக்குபவர்கள் இளம் ராணுவ வீரர்கள். பதினெட்டு, பத்தொன்பது வயதில் முதல் சம்பளம்; வீட்டைவிட்டு வெகுதூரம். மாதந்தவறாமல் வரும் அரசுச் சம்பளம் கடன் கொடுப்பவருக்கு நல்ல உத்தரவாதம். அதனால் ராணுவ முகாம்களின் வாசலை ஒட்டிய சாலைகளில் ‘பேடே லோன்’ கடைகள் குவிந்தன. சம்பள நாள்வரைக்குமான கைமாற்று அது. நூறு டாலருக்கு இரண்டு வாரத்துக்கு 15 டாலர் கட்டணம் என்றால் கேட்கச் சின்னதாக இருக்கும். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் 390 சதவிகிதம். நம்மூர் மீட்டர் வட்டிக்குக் கொஞ்சமும் சளைத்ததல்ல.

இதில் ஒரு விபரீதமும் உண்டு. ‘கடன் இருப்பது மேலதிகாரிக்குத் தெரிந்தால் அனுமதி போய்விடும்’ என்ற பயம்தான் வீரரை இப்படிப்பட்ட கடைக்கு அனுப்பிவைக்கிறது. அங்கே யாரும் எதுவும் கேட்பதில்லை. மறைக்கப்போய் வாங்கிய கடன், மறைக்க முடியாத அளவுக்கு வளர்கிறது.

இப்படிப்பட்ட கடன்கள் படையின் தயார்நிலையையே அரிக்கின்றன என்று 2006-ல் பாதுகாப்புத் துறையே நாடாளுமன்றத்துக்கு அறிக்கை கொடுத்தது. அதே ஆண்டு ராணுவக் குடும்பங்களுக்குக் கொடுக்கும் கடனுக்கு ஆண்டு வட்டி 36 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது என்று சட்டம் வந்தது. ஆரம்பத்தில் சில வகைக் கடன்களுக்கு மட்டும் பொருந்திய அந்த வரம்பு, 2015-ல் திருத்தப்பட்ட விதிகளால் கிரெடிட் கார்டு உட்படப் பலவற்றுக்கும் விரிந்தது. படையில் சேருவதற்கு முன் வாங்கிய கடனென்றால், பணியில் இருக்கும் காலத்தில் 6 சதவிகித வட்டி என்று இறக்கிக் கேட்கவும் வேறொரு சட்டம் இடம் தருகிறது. ராணுவத்துக்கும் கடற்படைக்கும் நிவாரணச் சங்கங்கள் இருக்கின்றன. அவை அவசரத்துக்கு வட்டியில்லாக் கடன் தருகின்றன. கேட்கக் கூச்சப்படுபவருக்கு இவை எதுவும் உதவாது.

அரசே பாக்கி வைத்தபோது

2018 டிசம்பர் 22-ல் தொடங்கி 35 நாள்கள் அமெரிக்க அரசின் பல துறைகள் முடங்கின. பட்ஜெட் சண்டை. எஃப்.பி.ஐ. ஏஜென்ட்கள் உட்பட லட்சக்கணக்கானோர் சம்பளமில்லாமல் வேலைக்குப் போனார்கள். ‘வீட்டுக் கடன் தவணை தவறினால் எங்கள் செக்யூரிட்டி கிளியரன்ஸுக்கே சிக்கல் வரலாம்’ என்று எஃப்.பி.ஐ. ஏஜென்ட்கள் சங்கம் வெளிப்படையாகக் கடிதம் எழுதியது. சம்பளத்தைக் கொடுக்காத அரசே, ‘நீ ஏன் கடனைக் கட்டவில்லை?’ என்று கேட்கும் நிலை. கைமீறிய காரணங்களுக்கு விதியில் இடம் இருக்கிறது என்றாலும், இரண்டு சம்பளம் தவறினால் ஆடிப்போகும் குடும்பங்கள் எவ்வளவு பேர் அந்த அலுவலகங்களில் இருக்கிறார்கள் என்பதை அந்த ஒரு மாதம் காட்டிக்கொடுத்தது.

கடன்பட்டவர்கள் எல்லோரும் ஏம்ஸ் ஆகிவிடுவதில்லை. கிரெடிட் கார்டு பாக்கியோடு வாழும் கோடிக்கணக்கானோரில் பெரும்பாலானவர்கள் ஓர் அலுவலகப் பேனாவைக்கூடத் திருடாதவர்கள். அதனால்தான் விதி ‘கடன் உண்டா?’ என்ற கேள்வியோடு நின்றுவிடாமல், முழு மனிதரையும் பார்க்கச் சொல்கிறது.

ஜாமீன் கையெழுத்து

இது தூரத்து தேசத்துக் கதை என்று தமிழ்நாட்டுக் குடும்பங்கள் முழுவதுமாக ஒதுக்கிவிட முடியாது. வர்ஜீனியாவிலும் மேரிலாந்திலும் குடியேறி, குடியுரிமை பெற்று, அரசு ஒப்பந்த நிறுவனங்களில் வேலைக்குப் போகும் தமிழர்கள் உண்டு. இந்த அனுமதி பொதுவாகக் குடியுரிமை உள்ளவர்களுக்கே என்பதால், அந்தச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகுதான் எஸ்.எஃப்-86 அவர்கள் வாழ்க்கையில் நுழைகிறது.

அவர்கள் பெரும்பாலும் வரவுக்குள் செலவு செய்பவர்களாகவே இருக்கலாம். ஆனால், இன்னொருவர் கடனுக்குப் போட்ட கையெழுத்து என்று ஒன்று இருக்கிறது. ‘அண்ணா, எனக்கு இன்னும் கிரெடிட் ஸ்கோர் இல்லை. கார் லோனுக்கு நீங்க கூட ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க, தவணை எல்லாம் நான் பார்த்துக்கறேன்’ என்று தம்பி கேட்டால் மறுக்க எந்த அண்ணனுக்கு மனம் வரும்? தம்பி தவணையை நிறுத்தினால், அது அண்ணனின் கிரெடிட் ரிப்போர்ட்டிலும் கறுப்புப் புள்ளிதான். ‘அது என் தம்பியின் கடன்’ என்று சொல்லித் தள்ளிவிட முடியாது. கையெழுத்துப் போட்டவரும் கடன்காரரே. விசாரணையில் அண்ணனிடம் கேட்கப்படுவது, தவணை நின்றது தெரிந்த பிறகு அவர் என்ன செய்தார் என்பதுதான்.

கூச்சப்படாமல் வருடத்துக்கு ஒருமுறையாவது கிரெடிட் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்ப்பது, அமெரிக்காவில் இலவசமாகவே செய்யக்கூடிய காரியம். தன்னுடையது அல்லாத கடன் தன் பெயரில் இருந்தால் உடனே எழுத்தில் மறுத்து, அதற்கான ஆவணங்களைச் சேர்த்து வைக்கலாம். தன்னுடையதுதான் என்றால் கடன் கொடுத்தவருக்குப் போன் செய்து, முடிந்த தொகையில் ஒரு தவணை பேசி, அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளலாம். லாப நோக்கமில்லாத கடன் ஆலோசனை மையங்களுக்குப் போகலாம். அப்படிப் போனதையே விதி நல்ல அடையாளமாக எடுத்துக்கொள்கிறது. இவை எல்லாவற்றுக்கும் முன்னால், அந்த வீட்டில் இருக்கும் இரண்டு பேருக்கும் மொத்தக் கடன் எவ்வளவு என்று தெரிந்திருக்க வேண்டும்.

படிவத்தின் 26-ம் பகுதியில் கடன்காரரின் பெயர், தொகை, காரணம் எல்லாம் எழுதிய பிறகு இன்னொரு கேள்வி வருகிறது. இந்தக் கடனைத் தீர்க்க இதுவரை என்ன செய்தீர்கள். எதுவும் செய்யவில்லை என்றால் ஏன்? பல வழக்குகளில் நீதிபதி நேரம் எடுத்துப் படிப்பது, அந்தச் சின்ன இடத்தில் எழுதப்படும் பதிலைத்தான்.